நெதர்லாந்தில் ஒரு தெருவின் சைக்கிள் பாதை எப்போது மாறுகிறது?

நீங்கள் கேட்டது இதுதான். இணையத்தில் உத்ரெக்ட் நகரத்தின் தெருப் படங்களைப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு தெருவில் அகலமான, வழவழவென்ற சிவப்புத் தார்ப் பாதை. அடுத்த திருப்பத்திலேயே, இரண்டு பேர் சேர்ந்து போனால் ஹேண்டில்பார் இடிக்கிற அளவுக்குக் குறுகலான சிமென்ட் டைல்ஸ் பாதை. அதற்கடுத்த தெருவில் பாதையே இல்லை, சாலையோரம் விட்டுவிட்டுப் போட்ட வெள்ளைக் கோடு மட்டும். "1970களிலேயே எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டார்கள் என்று படித்தேன், பிறகு ஏன் ஒரே ஊரில் இத்தனை விதம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. நெதர்லாந்தின் சைக்கிள் பாதைகள் ஒருமுறை கட்டி முடித்த பொருளா, இல்லை இன்னும் மாறிக்கொண்டே இருப்பவையா? மாறுகின்றன என்றால் யார், எப்போது, எதை வைத்து மாற்றுகிறார்கள்?

நான் சாலை வடிவமைப்புப் பொறியாளர். டெல்ஃப்ட்டில் மேல்படிப்பு முடித்துவிட்டு, 15 ஆண்டுகளுக்கு மேலாக இங்கே நகராட்சிகளுக்குத் தெரு வரைபடம் போட்டுக்கொடுக்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நேரடி அனுபவம் பெரும்பாலும் உத்ரெக்ட், தெற்கு ஹாலந்து மாகாணங்களில்தான். விபத்துப் புள்ளிவிவரம் என் துறை இல்லை. அதைப் பற்றிப் பேசும் இடத்தில் படித்ததை வைத்துப் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். எல்லாத் தெருக்களையும் ஒரே காலத்தில் கட்டி முடித்தது என்று ஒன்று இங்கே நடக்கவில்லை. வரிசையில் நிற்பதுபோல ஒவ்வொரு தெருவுக்கும் அதன் முறை வருகிறது. அந்த முறையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சைக்கிளே இல்லை, தெருவுக்கு அடியில் கிடக்கும் பாதாளச் சாக்கடைக் குழாய்தான். தளம் தோராயமாக 25, 30 ஆண்டுகளில் தேய்ந்துபோகும். சாக்கடைக் குழாய் 40 முதல் 60 ஆண்டுகள் வரை தாங்கும். குழாயை மாற்ற எப்படியும் தெருவைத் தோண்டியாக வேண்டும். தோண்டியபின் பழையபடியே மூடாமல், அன்றைய வடிவமைப்புக் கையேடு என்ன சொல்கிறதோ அதன்படி தெருவை மறுபடி அமைக்கிறார்கள். "வெர்க் மெட் வெர்க் மாக்கன்" என்று எங்கள் அலுவலகத்தில் தினம் நாலு தடவையாவது காதில் விழும். ஒரு வேலையோடு இன்னொரு வேலையையும் சேர்த்து முடித்துவிடுவது என்று பொருள். ஆகவே நீங்கள் பார்த்த மூன்று தெருக்களும் மூன்று வெவ்வேறு ஆண்டுகளில் கடைசியாகத் தோண்டப்பட்டவை. வித்தியாசத்தில் பெரும்பகுதி அவ்வளவுதான்.

இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு தெருவை வைத்தே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் வரைந்தது, ஊர்ப் பெயர் வேண்டாம். இருபுறமும் பழைய மரங்கள், 1980களில் போட்ட டைல்ஸ் பாதை. வேர்கள் தூக்கியதில் 30 சென்டிமீட்டர் சதுரக் கற்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன. அதன்மேல் சைக்கிளில் போனால் டக் டக் டக் என்று ஒவ்வொரு இணைப்பும் மணிக்கட்டில் தெரியும். குழாய் மாற்றும் ஆண்டு நெருங்கியதும் நகராட்சி எங்களைக் கூப்பிட்டது. முதல் நாள் வேலை டேப்பைப் பிடித்து அளப்பது. சுவரிலிருந்து சுவர் வரை இருக்கும் அகலம் ஒரு சென்டிமீட்டர்கூடக் கூடப்போவதில்லை. பாதை 1.80 மீட்டரிலிருந்து 2.50 மீட்டர் ஆக வேண்டும் என்றால் அந்த 70 சென்டிமீட்டர் யாரிடமிருந்தோ வர வேண்டும். மரத்திடமிருந்தா, நடைபாதையிடமிருந்தா, நிறுத்தியிருக்கும் கார்களிடமிருந்தா என்பதுதான் கேள்வி. அப்புறம் ஒரு மாலை, பக்கத்துப் பள்ளி மண்டபத்தில் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக் காத்திருந்தோம். தெருக்காரர்கள் வந்து குனிந்து தங்கள் வீட்டு வாசலைத் தேடுகிறார்கள். கடைக்காரர் ஒருவர் தன் கடை முன்னால் இருக்கும் இரண்டு பார்க்கிங் இடத்தின்மேல் விரலை வைத்தார், விரலை எடுக்கவே இல்லை. ஒரு பாட்டி, குறுக்கே கடக்கும் இடத்தில் நடுவில் நிற்க ஒரு திட்டு வேண்டும் என்று கேட்டார். திட்டு கிடைத்தது. கார் நிறுத்துமிடங்களில் ஒன்பது போயின, கடைக்காரருடைய இரண்டில் ஒன்று நின்றது. பாதை 2.50 ஆகவில்லை, 2.30 ஆனது. கையேட்டில் இருப்பதும் தெருவில் வருவதும் எப்போதும் இப்படித்தான் கொஞ்சம் விலகி இருக்கும். எனக்கு அந்த 20 சென்டிமீட்டர் இன்னமும் மனசில் கிடக்கிறது, ஏனென்றால் அடுத்த வாய்ப்பு வர இன்னொரு தலைமுறை ஆகும்.

சரி, அந்தக் கையேடு எங்கிருந்து வந்தது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சைக்கிள் பாதை 1970களில் பிறந்தது என்பது சரியில்லை. 1885இலேயே உத்ரெக்டின் மாலிபான் என்ற மரச்சாலையில் சைக்கிள் ஓட்டிகளுக்குத் தனிப் பாதை ஒதுக்கினார்கள். நாட்டின் முதல் சைக்கிள் பாதை என்று அதைத்தான் சொல்வார்கள். 1924 முதல் 1941 வரை சைக்கிளுக்கு வரி இருந்தது, வரி கட்டியதற்கு அடையாளமாக ஒரு சின்ன உலோகத் தகட்டை வண்டியில் மாட்டிக்கொள்ள வேண்டும். உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் போட்ட பாதைகளில் பலவற்றின் நோக்கம் கார்களுக்குச் சாலையைக் காலி செய்து கொடுப்பதும்கூட. 1942இல் ராட்டர்டாமில் திறந்த மாஸ் சுரங்கப்பாதையில் சைக்கிளுக்கென்றே தனிக் குழாய் வைத்தார்கள். சைக்கிளைப் பிடித்தபடி மரப்படி எஸ்கலேட்டரில் இறங்கிப் போகலாம், இன்றைக்கும் போகலாம். ஆக, சைக்கிள் ஓட்டுகிற ஊர் முன்பே இருந்தது. போருக்குப் பின் வந்த 20, 25 ஆண்டுகளில்தான் அது கையை விட்டுப் போகப் பார்த்தது.

அந்த ஆண்டுகளில் இங்கேயும் மற்ற நாடுகளைப் போலவே காருக்காக நகரத்தை வெட்டினார்கள். ஆம்ஸ்டர்டாமில் 1954இல் காவல்துறைத் தலைவர் காஸ்யாகர், கால்வாய்களை மூடிச் சாலை ஆக்கலாம் என்று திட்டம் கொடுத்தார். 1967இல் அமெரிக்கப் போக்குவரத்து நிபுணர் யோகினன் பழைய நகர மையத்தின் விளிம்பை ஒட்டி விரைவுச்சாலை கேட்டார். அந்த இரண்டும் நடக்கவில்லை. உத்ரெக்டில் நடந்தது. நகரத்தைச் சுற்றி ஓடிய பழைய அகழியின் ஒரு பகுதியை வற்றவைத்து, அந்தப் பள்ளத்தில் 1970களின் தொடக்கத்தில் விரைவுச்சாலை போட்டார்கள். இந்த ஊரை நேசிக்கிறவர்களுக்கு அந்தப் பழைய படங்களைப் பார்ப்பது இன்றும் கஷ்டமாக இருக்கும்.

இதன் விலை உயிராக வந்தது. 1971இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் சுமார் 3,300 பேர், அதில் 400க்கும் மேல் குழந்தைகள். அன்றைக்கு நாட்டின் மக்கள்தொகை 1 கோடியே 30 லட்சம் சொச்சம்தான். மகளைச் சாலையில் பறிகொடுத்த பத்திரிகையாளர் விக் லாங்கன்ஹோஃப் 1972இல் "டி டைட்" நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு "ஸ்டாப் டி கிண்டர்மோர்ட்", குழந்தைக் கொலையை நிறுத்துங்கள். அதே பெயரில் ஓர் இயக்கம் எழுந்தது. பெற்றோர்கள் தெருவை மறித்தார்கள், பிள்ளைகள் நடுச்சாலையில் விளையாடினார்கள். 1973 நவம்பரில் எண்ணெய் நெருக்கடி வந்து, அரசு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டது. 1975இல் சைக்கிள் ஓட்டிகளின் சங்கம் ஒன்று தொடங்கியது. இன்றைய ஃபீட்ஸர்ஸ்பாண்ட் அதுதான்.

இவற்றில் எது எவ்வளவு காரணம் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. எண்ணெய் நெருக்கடியால்தான் எல்லாம் மாறியது என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அதே நெருக்கடி பக்கத்து நாடுகளையும் தாக்கியது, அங்கெல்லாம் சைக்கிள் இப்படித் திரும்பி வரவில்லை. பெற்றோர் இயக்கமும், ஏற்கெனவே எல்லோர் வீட்டிலும் சைக்கிள் இருந்ததும், சமமான நிலமும், பள்ளியும் கடையும் பக்கத்திலேயே இருக்கிற ஊர் அமைப்பும் சேர்ந்துதான் வேலை செய்தன என்பது என் முடிவு. தனித்தனியாகப் பிரித்து அளந்து காட்ட யாராலும் முடிந்ததாகத் தெரியவில்லை.

அடுத்து நடந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் இங்கேதான் தவறு செய்து கற்றுக்கொண்டார்கள். 1970களின் நடுவில் மத்திய அரசு பணம் கொடுத்து டென் ஹாக் (தி ஹேக்), டில்பர்க் இரண்டு ஊர்களிலும் ஊருக்கு ஒன்றாகச் சோதனைச் சைக்கிள் வழித்தடம் போட்டது. ஊருக்கு நடுவே ஒரே ஒரு நீண்ட, அருமையான பாதை. டென் ஹாக்கில் கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பாதை வந்த பிறகு அதில் ஓட்டம் கூடியது உண்மை, ஆனால் பக்கத்துத் தெருக்களில் போனவர்கள் இதற்கு மாறிக்கொண்டது அதில் பெரும்பங்கு. ஊர் முழுக்கச் சைக்கிள் ஓட்டுவது பெரிதாகக் கூடவில்லை. எவ்வளவு நல்ல பாதையானாலும் அதன் முனையில் இறங்கினால் மறுபடி பழைய சாலைதானே.

டெல்ஃப்ட் அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டது. 1979இல் திட்டம் ஏற்று, 1982 முதல் 1987 வரை வேலை செய்தார்கள். ஒரு பாதை இல்லை, வலை. மூன்று அளவில் பின்னிய வலை: நகரம் முழுக்க ஏறக்குறைய அரை கிலோமீட்டருக்கு ஒரு முக்கியத் தடம், அதற்குள் 200, 300 மீட்டருக்கு ஒரு பகுதித் தடம், அதற்கும் உள்ளே குழந்தைகள் போகிற அளவுக்குத் தெருவுக்குத் தெரு இணைப்பு. பெரிய தடத்துக்கு மேம்பாலமும் சுரங்கமும், சின்னதற்கு வெறும் ஒரு வேலியை உடைத்து வழி விடுவது. விளைவு? பயணங்களில் சைக்கிளின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 43 ஆனது. இந்த மூன்று சதவீதத்தை நான் மறைக்க விரும்பவில்லை. பாதை கட்டினால் கூட்டம் தானாகக் கொட்டும் என்று சொல்கிறவர்கள் டெல்ஃப்ட் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். அதே நேரம், மற்ற ஊர்களில் கார் பெருகிக்கொண்டிருந்த காலத்தில், ஏற்கெனவே இவ்வளவு சைக்கிள் ஓட்டிய ஊரில் கிடைத்த மூன்று சதவீதம் அது. இன்று எந்த ஊரிலும் வரைபட மேசையில் நாங்கள் முதலில் கேட்பது "வலை எங்கே அறுந்திருக்கிறது" என்பதைத்தான். அந்தக் கேள்வி டெல்ஃப்ட் கொடுத்தது.

க்ரோனிங்கன் வேறு வழியில் போனது. 1977 செப்டம்பரில் நகர மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு கார் நேராகப் போக முடியாது, வெளியே வந்து வட்டச்சாலையில் சுற்றித்தான் போக வேண்டும். சைக்கிள் நேராகப் போகலாம். பாதை என்று பெரிதாக எதுவும் கட்டவில்லை. தடுப்பும் போக்குவரத்துப் பலகையும் மாற்றி, ஒரே இரவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இந்தத் திட்டத்தைத் தாங்கிப் பிடித்த நகராட்சி உறுப்பினர் மாக்ஸ் வான் டென் பர்க் அப்போது முப்பதை எட்டிய இளைஞர். நீங்கள் படத்தில் பார்த்த "பாதையே இல்லாத" தெருவைப் புரிந்துகொள்ள க்ரோனிங்கனை நினைவில் வையுங்கள். ஒரு தெருவில் கார்கள் கொஞ்சமாக, மெதுவாகப் போனால் தனிப் பாதை தேவையே இல்லை. பாதை இல்லாதது சில இடங்களில் குறை, சில இடங்களில் அதுதான் வடிவமைப்பு.

1990களில் இதற்கு ஒரு கோட்பாடு கிடைத்தது. "டியூர்சாம் ஃபைலிக்", நீடித்த பாதுகாப்பு என்று பெயர். மனிதன் தவறு செய்யத்தான் செய்வான், தவறு மரணத்தில் முடியாதபடி சாலை இருக்க வேண்டும் என்பதே அடிப்படை. வேகம் அதிகமான இடத்தில் காரையும் சைக்கிளையும் பிரி, பிரிக்க முடியாத இடத்தில் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டருக்கு இறக்கு. 1990களின் பிற்பாதியிலிருந்து குடியிருப்புத் தெருக்கள் கூட்டம் கூட்டமாக 30 கிலோமீட்டர் பகுதிகளாக மாறின. 1993இல் குரோ என்ற தொழில்நுட்ப அமைப்பு சைக்கிளுக்கென்றே ஒரு முழுக் கையேட்டை வெளியிட்டது. பிறகு 2006, 2016 ஆண்டுகளில் புதுப்பித்தார்கள். தொடர்ச்சி, நேர்வழி, பாதுகாப்பு, சுகம், பார்வைக்கு இனிமை என்று ஐந்து அளவுகோல்கள். ஒன்று சொல்லியாக வேண்டும்: இது சட்டம் இல்லை, பரிந்துரை. நகராட்சி மீறலாம். ஆனால் மீறிய இடத்தில் விபத்து நடந்தால் ஏன் மீறினாய் என்று நீதிமன்றம் கேட்கும், அந்தப் பயமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

இனி நீங்கள் பார்த்த டைல்ஸ் பாதைக்கு வருகிறேன். பல ஆண்டுகளாக அதுதான் இங்கே வழக்கம். பாதைக்கு அடியில் மின்கம்பி, தண்ணீர், எரிவாயு, தொலைபேசி எல்லாம் ஓடுகின்றன. பழுது பார்க்க வருகிறவர் நாலு கல்லைப் பெயர்த்துத் தோண்டி, மறுபடி அடுக்கிவிட்டுப் போகலாம். தாரில் அது முடியாது. ஆனால் அப்படிப் பத்துத் தடவை பெயர்த்து அடுக்கிய பாதை எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சைக்கிள் சங்கத்தினர் அதிர்வை அளக்கும் கருவி பூட்டிய சைக்கிளில் ஊர் ஊராக ஓட்டி, இதோ பாருங்கள் என்று எண்களை நகராட்சி முன் வைத்தார்கள். கடைசியில் வந்த தீர்வு எளிமையானது: கம்பியையும் குழாயையும் நடைபாதைக்கு அடியில் தள்ளிவிட்டு, சைக்கிள் பாதைக்குத் தார் போடுவது. அதற்கும் தெரு முழுதாகத் தோண்டப்படும் நாள் வர வேண்டும், ஆகவே மறுபடி அதே சாக்கடைக் குழாயின் நாட்காட்டிதான். கவுடா போன்ற ஊர்கள் மட்டும் விதிவிலக்கு. அங்கே அடியில் இருப்பது மக்கிய சேற்று மண், தெரு தானாக அமிழ்ந்துகொண்டே போகும். சில பத்தாண்டுகளுக்குள் மறுபடி மறுபடி மண் கொட்டி உயர்த்துகிறார்கள். அங்கே தெருவின் முறையும் சீக்கிரம் வருகிறது. செங்கல் தளமும் அங்கே நிற்கிறது, எடுத்து மறுபடி அடுக்கலாம் என்பதால்.

சிவப்பு நிறத்தைப் பற்றி ஒரு வரி. அந்த நிறத்துக்குச் சட்டத்தில் எந்தப் பொருளும் இல்லை. ஓட்டுகிறவர் கண்ணுக்கு "இது சைக்கிளின் இடம்" என்று சொல்வதற்காகக் கலக்கும் நிறமி, அவ்வளவே. பாதையில்தான் ஓட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது வட்டமான நீலப் பலகை.

விதிகளும் மாறின, அவை பாதையின் வடிவத்தையும் மாற்றின. 1999 டிசம்பர் 15 வரை ஊருக்குள் மொபெட்டுகளும் சைக்கிள் பாதையில்தான் ஓடின. அன்றிலிருந்து பெரும்பாலான இடங்களில் சாலைக்கு அனுப்பினார்கள். 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் போகும் இலகு ஸ்கூட்டர்கள் மட்டும் பாதையிலேயே தங்கிவிட்டன. நடைமுறையில் அவை அதைவிட வேகமாகப் பறந்தன. ஆம்ஸ்டர்டாம் 2019 ஏப்ரலில்தான் அவற்றையும் சாலைக்கு இறக்கியது. 2001 மே மாதத்தில், வலப்பக்கத்திலிருந்து வரும் சைக்கிளுக்கும் காரைப் போலவே முன்னுரிமை என்று சட்டம் வந்தது. அதுவரை சைக்கிளுக்கு அந்த உரிமை இல்லை என்றால் பலர் நம்ப மாட்டார்கள்.

கடந்த 20 ஆண்டுகளில் பரவியது "ஃபீட்ஸ்ஸ்ட்ராட்", சைக்கிள் தெரு. தெரு முழுவதுமே சிவப்பு, ஓரமாகக் குறுகிய பாதை கிடையாது. "கார் இங்கே விருந்தாளி" என்று பலகை இருக்கும். ஆம்ஸ்டர்டாமின் சர்ஃபாட்டிஸ்ட்ராட்டில் முன்பு ஓரத்தில் ஒல்லியான பாதையில் சைக்கிள்கள் நெருக்கியடித்துப் போயின. அதைச் சைக்கிள் தெருவாக மாற்றியபின் அவை நடுவில் பரந்து போகின்றன, கார் பின்னால் பொறுமையாக வருகிறது. என் கணக்கில் இது கடந்த காலத்தின் மிக நல்ல கண்டுபிடிப்புகளில் ஒன்று. ஆனால் அது வேலை செய்வது கார்களைவிடச் சைக்கிள்கள் அதிகமாக இருக்கும் இடத்தில்தான். கார் நிறைந்த தெருவில் சிவப்புத் தார் போட்டுப் பலகை நட்டுவிட்டு, சைக்கிள் தெரு என்று பெயர் வைத்த இடங்களும் உண்டு. அங்கே என் மகளை நான் தனியாக அனுப்ப மாட்டேன்.

இப்போது கையேட்டை மறுபடி திருத்த வைப்பது எது என்றால், கார் இல்லை, சைக்கிளேதான். இன்று விற்கும் புதுச் சைக்கிள்களில் மின்சார சைக்கிளுக்குப் பெரும்பங்கு. பெட்டி வைத்த சரக்குச் சைக்கிள், தடித்த டயர் வைத்த வண்டி, பள்ளிப் பிள்ளைகள், எழுபது வயதுக்காரர் எல்லோரும் ஒரே 2 மீட்டர் பாதையில். 1980களில் இரண்டு மீட்டர் தாராளம். இன்று நெரிசலான தடத்துக்கு 3, 4 மீட்டர் கேட்கிறோம். 2017இல் முதல்முறையாக, காருக்குள் இறந்தவர்களைவிடச் சைக்கிளில் இறந்தவர்கள் அதிகம், 201க்கு 206. 2022இல் சைக்கிளில் இறந்தவர்கள் 291 பேர். அவர்களில் வயதானவர்கள் அதிகம் என்பது உறுதி. மின்சார சைக்கிள் வேகத்தால் கூடியதா, முதியவர்கள் முன்பைவிட அதிக வயது வரை, அதிக தூரம் ஓட்டுவதால் கூடியதா என்பதில் இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. இரண்டும் கலந்ததுதான் என்று நினைக்கிறேன், விகிதம் சொல்லும் தகுதி எனக்கில்லை.

பலத்த காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வரும் சைக்கிள் ஓட்டிகளில் பெரும்பாலோர் யாரும் மோதாமல், தாமாக விழுந்தவர்கள். எதில் விழுகிறார்கள்? நாங்களே நட்ட தடுப்புத் தூணில், நாங்களே வைத்த விளிம்புக்கல்லில். கார் நுழையக் கூடாது என்று பாதை முகப்பில் ஊர் முழுக்கக் குட்டைத் தூண்களை நட்டார்கள். கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிறவர் கடைசி நொடியில் விலகுவார், பின்னால் வருகிறவருக்குத் தூண் அப்போதுதான் தெரியும். ஒரு திட்டத்தில் தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எது தேவை என்று பட்டியல் போட்டோம். ஒவ்வொரு தூணிலும் சைக்கிள் பெடல் உயரத்தில் கீறல்கள், சிலவற்றில் பெயின்ட் உரிந்து உலோகம் பளபளத்தது. அதில் எத்தனை கீறல் ஒரு கணுக்கால் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். பாதிக்கு மேல் பிடுங்கிவிட்டோம், எந்தக் காரும் உள்ளே வரவில்லை. விளிம்புக்கல்லும் அப்படித்தான். செங்குத்தாக நின்ற கல்லுக்குப் பதில் இப்போது சாய்வாக வெட்டிய கல் வைக்கிறோம். சக்கரம் உரசினால் மேலே ஏறி இறங்கும், ஆளைத் தள்ளாது. மன்னிக்கிற விளிம்பு என்று இங்கே சொல்வார்கள்.

வேகமும் மறுபடி பேச்சுக்கு வந்திருக்கிறது. 2023 டிசம்பர் 8 முதல் ஆம்ஸ்டர்டாமில் பெரும்பாலான தெருக்களில் 30தான். பலகையை ஒரே நாளில் மாற்றலாம், தெருவின் அகலமும் நேர்கோடும் 50க்காக வரைந்தவை. அந்தத் தெருக்கள் நிஜமாகவே 30க்கான தெருவாகத் தெரிய, அவற்றின் முறை வர வேண்டும். பெரிய சாலைகளில் ராட்டர்டாமின் கோல்சிங்கல் ஏற்கெனவே அந்த முறையைப் பெற்றுவிட்டது. 2021இல் வேலை முடிந்தபோது நான்கு கார்த் தடம் இரண்டாகி, மிச்ச இடம் நடப்பவர்களுக்கும் அகலமான இருவழிச் சைக்கிள் பாதைக்கும் போயிருந்தது.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள், விபத்து நடந்தால் எப்போதும் கார்காரர்மேல்தான் பழி என்ற சட்டத்தால்தான் இதெல்லாம் சாத்தியமா என்று. அந்தச் சட்டம் நஷ்டஈட்டைப் பற்றியது, குற்றத்தைப் பற்றியது இல்லை. 14 வயதுக்கு உட்பட்டவர் என்றால் கார்காரரின் காப்பீடு ஏறக்குறைய முழுதும் கொடுக்க வேண்டும், பெரியவர் என்றால் பொதுவாகப் பாதியாவது. ஓட்டுநர்கள் அதனால்தான் கவனமாக ஓட்டுகிறார்கள் என்று நிரூபிக்க வலுவான சான்றை நான் பார்த்ததில்லை. பாதை வடிவமைப்பில் அதன் பங்கு மிகச் சிறியது.

உங்கள் மூன்று படங்களையும் இப்போது இப்படிப் படிக்கலாம். அகலத் தார்ப் பாதையின் விளிம்புக்கல் சாய்வாக இருந்தால் அது அண்மையில் தோண்டிய தெரு. டைல்ஸ் பாதை பெரும்பாலும் 1970, 80களின் வேலை, அதன் மரங்களும் பெரிதாக இருக்கும். வெள்ளைக் கோட்டுத் தெருவில் பக்கவாட்டில் 30 பலகை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் வேண்டுமென்றே அப்படி விட்டது. 50 என்றால் இன்னும் முறை வராத தெரு.

உத்ரெக்டுக்கு வர வாய்ப்புக் கிடைத்தால் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மாலிபானில் தொடங்குங்கள். அங்கிருந்து நகர மையத்துக்குள் வந்து ஃப்ரெடன்பர்க்கைக் கடந்தால் நாட்டின் மிக நெரிசலான சைக்கிள் பாதைகளில் ஒன்றில் இருப்பீர்கள். பக்கத்திலேயே கத்தரைனசிங்கல். அகழியை வற்றவைத்து விரைவுச்சாலை போட்டார்கள் என்றேனே, அந்த இடம்தான். 2002இல் ஊர்மக்கள் வாக்களித்து, 2020 செப்டம்பரில் கடைசித் துண்டிலும் தண்ணீர் திரும்பியது. இப்போது படகு போகிறது. ரயில் நிலையத்துக்கு அடியில் 12,500 சைக்கிள் நிறுத்தும் இடத்தை உள்ளேயே ஓட்டிப் பாருங்கள், இறங்கி நடக்கத் தேவையில்லை. பிறகு மேற்கே ஓக் இன் ஆல் பகுதிக்குப் போனால் 2017இல் திறந்த டாஃப்னே ஸ்கிப்பர்ஸ் பாலம் வரும். கால்வாய்க்கு மேலே ஏறும் அதன் சரிவு ஒரு தொடக்கப் பள்ளியின் கூரைமேல் வளைந்து போகிறது, கீழே வகுப்பு நடக்கும், மேலே நீங்கள் மிதிப்பீர்கள். பள்ளி விடும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.